தொம்மைக்கு அடித்த மணி

புன்னைத்துறையில் கோயில் மணி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடலில் ஆளைக் காணோம். பூசைக்கு அடிக்கிற மணி வேறு, சாவுக்கு அடிக்கிற மணி வேறு. இது நிறுத்தாமல் அடிக்கிற மணி. இந்தச் சத்தம் கேட்டால் ஏலக்கூடத்தில் மீன் கிடந்தபடி கிடக்கும், புறப்பட்ட படகு திரும்பி வரும். காணாமல் போனவன் கிடைக்கிற வரைக்கும், அல்லது இனிமேல் கிடைக்க மாட்டான் என்று சாமியார் பூசை வைக்கிற வரைக்கும், ஒரு படகும் தொழிலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகும் தேடத்தான் போக வேண்டும். இது ஊர்க்கட்டு. யார் போட்டது, எந்தக் காலத்தில் போட்டது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மீறியவர் என்றும் ஒருத்தரும் கிடையாது.

அந்த மணியைத்தான் ஜெசிந்தா உச்சி வெயிலில் தன் கையாலேயே பிடித்து இழுத்தாள். கடல் தண்ணீர் முகத்தில் காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது. படகை ஜெட்டியில் பேருக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடி வந்தவள், சாமியார் ஊரில் இருக்கிறாரா, உபதேசியாரிடம் கேட்க வேண்டுமா என்றெல்லாம் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்தாள், இழுத்தாள், கை எரிகிற வரைக்கும் இழுத்தாள்.

ஊர் திரண்டுவிட்டது. குழம்புக் கரண்டியோடு ஓடி வந்தவர்கள், பாதி முகம் சவரம் செய்தபடி ஓடி வந்தவர்கள், எல்லாருக்கும் வாயில் ஒரே கேள்வி. "யாரு? யாரு பிள்ளை?"

"தொம்மை," என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான். புன்னைத்துறையில் தெருவுக்கு ஒரு தொம்மை உண்டு. மூன்று வீட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எந்தத் தொம்மை? வாயைத் தொறந்து சொல்லேன்டி!"

"என் தொம்மை. என் படகுல வேலை பாக்குத தொம்மை. கூட்டாளு."

ஒரு கணம் ஊரே மூச்சு விட்டது. மறுகணம் அந்த மூச்சு கோபமாக மாறியது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்து ஜெசிந்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப்பாவி! என் உசிரு தொண்டைக்குழிக்கு வந்துட்டேட்டி. ஒரு மெஷினுக்கா மணி அடிச்ச?"

கூட்டாள் என்பது கம்பெனி செய்து குத்தகைக்கு விடுகிற ஆள். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் கத்தாருக்கும் நார்வேக்கும் போய்ச் சேர்ந்தபின் வலை இழுக்கக் கை வேண்டுமே, அதற்காக வந்தது. மனுஷ உயரம், மனுஷ நடை, மண்டைக்குள் மட்டும் கம்பெனிச் சரக்கு. புன்னைத்துறையில் இப்போது படகுக்கு ஒன்றாவது இருக்கிறது. ஜெசிந்தாவின் 'விடிவெள்ளி'யில் இருந்தவனுக்கு அவள்தான் பெயர் வைத்தாள். வேதத்தில் வருகிற தொம்மையைப் போல, எதைச் சொன்னாலும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டான் என்பதால் தொம்மை. உத்தமன் என்று நினைத்துவிட வேண்டாம். அவளிடம் மாதா பாட்டுக் கற்றுக்கொண்டான். அவளுக்கு ராகம் வராது, ஆகவே அவனுக்கும் வராது. மற்றப் படகுக்காரர்களிடம் புளுகக் கற்றுக்கொண்டான். முழங்கை நீளச் சீலா மீனைப் பிடித்துவிட்டு ஆள் உயரம் காட்டுவான். கடலில் அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் செய்வான். ஆறு வருஷமாக அந்தப் படகில் அவர்கள் இரண்டு பேர்தான்.

அன்று விடியற்காலம் வலையைக் கடலிலிருந்து வாங்கும்போது ஒரு பெரிய அலை வந்து மோதியது. கயிற்றுச் சுருள் தொம்மையின் காலைச் சுற்றிக்கொண்டது. வலையோடு சேர்ந்து போய்விட்டான். ஜெசிந்தா படகைத் திருப்பி, டீசல் அடிமட்டம் காட்டும்வரை தேடினாள். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் நின்ற படகுகள் எல்லாம் கேட்டன. ஒருத்தன் பதில் சொன்னான்: "கம்பெனிக்கு போன் போடுக்கா, வேற தருவான்."

அந்தப் பதில்தான் அவளை மணிக்கயிறு வரைக்கும் கொண்டுவந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருதயராஜ் வந்தார். ஊர்க் கமிட்டித் தலைவர், ஜெசிந்தாவுக்குத் தாய்மாமன். நல்ல மனுஷன்தான். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் வரிசையில் நிற்கச் சொல்வார்.

"ஜெசி, இந்த மணி எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மாமா. கடல்ல ஆளைக் காணோம்னா அடிக்கது."

"ஆளை. ஆளுன்னா என்ன? நாளைக்கு ஒம் படகு எஞ்சின் கழண்டு கடல்ல விழும். அதுக்கும் வந்து அடிப்பியா?"

கூட்டத்தில் சிரிப்பு. ஜெசிந்தாவுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"எஞ்சின் எங்கிட்ட சண்டை போடாது மாமா. எஞ்சின் எங்கம்மா செத்தப்ப குழிமேட்டுல வந்து நின்னுச்சா? அவன் நின்னான். நீங்க பாத்தீங்க."

"நிக்கச் சொன்னா நிக்கும். அதுக்குத்தான் செஞ்சிருக்கான்."

"யாரு சொன்னா? நான் சொல்லல. நானே அன்னைக்கு நெனவில்லாம கெடந்தேன்."

இருதயராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். பதில் வரவில்லை என்றால் அவருக்குத் துண்டு உதற வேண்டும்.

"தடைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் கடலுக்குப் போறோம். ரெண்டு மாசம் ஊரே வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு கெடந்துச்சு. இப்பம் ஒரு சாமானுக்காக அம்புட்டு படகையும் நிறுத்தணும்ங்கியா? அதுவும் நல்லா ஓடுத சாமானா, இல்ல, எதித்துப் பேசுத சாமானு!"

"எதித்துப் பேசுனா ஆளு இல்லையா? அப்ப போஸ்கோ யாரு?"

எல்லாத் தலையும் திரும்பியது. கூட்டத்தின் கடைசியில், பனைமரத்தில் சாய்ந்தபடி, யாருக்கோ நடக்கிற வழக்கு என்று போஸ்கோ பல் குத்திக்கொண்டிருந்தான். ஊரில் அவனோடு சண்டை போடாத வீடு கிடையாது. இருதயராஜின் மூத்த மகன் கையை முறித்தவனே அவன்தான். போன வருஷம் குடித்துவிட்டு வள்ளத்திலிருந்து விழுந்தான். ஊர் மணி அடித்தது. எல்லாப் படகும் போயின. கட்டுப்போட்ட கையோடு இருதயராஜின் மகனும் போனான். கடைசியில் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதந்து கிடந்தவனைத் தூக்கியபோது, "பீடி இருக்கா?" என்று கேட்டான்.

"இவன் நல்லவன்னா தேடுனோம்? ஒழுங்கா ஓடுத ஆளுன்னா தேடுனோம்? கடல்ல கெடக்கான்னு தேடுனோம்," என்றாள் ஜெசிந்தா. "அன்னைக்கு எம் படகுல தொம்மையும் வந்தான். ராவும் பகலும் கண்ணு மூடாம படகு முன்மொனையிலயே நின்னான். அன்னைக்கு ஒருத்தராவது, 'இது மெஷினு, இது தேட வரக்கூடாது'ன்னு சொன்னீங்களா? தேடுத பக்கம் நின்னா ஆளு, தேடப்படுத பக்கம் போனா சாமானா? என்ன நியாயம் மாமா இது?"

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. சிரிப்பு நின்றால் மனம் மாறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வெளியே கடல் மீனோடு காத்துக் கிடந்தது, விலையோ உச்சத்தில் இருந்தது, எல்லாருக்கும் வயிறு இருந்தது. இருதயராஜ் கை தூக்கச் சொன்னார். ஜெசிந்தா பக்கம் அவள் கையும், இரண்டு கிழவிகளின் கையும், போஸ்கோவின் கையும்தான் உயர்ந்தன. போஸ்கோ கை தூக்கியதால் அவளுக்கு ஆதரவாக இருந்த இன்னும் இரண்டு பேர் கையை இறக்கிக்கொண்டார்கள்.

"பொய்க்கு மணி அடிச்சதுக்கு ஒரு மாசம் விடிவெள்ளி கடல்ல எறங்கக் கூடாது," என்றார் இருதயராஜ். "கமிட்டி தீர்மானம்."

"பொம்பள படகோட்டக் கூடாதுன்னும் இதே கமிட்டிதான் தீர்மானம் போட்டுச்சு," என்றாள் ஜெசிந்தா. "அன்னைக்கும் நான் போனேன். இன்னைக்கும் போவேன். முடிஞ்சா கட்டிப் போடுங்க."

அவள் ஜெட்டிக்கு வந்து டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது கம்பெனி வேன் வந்து நின்றது. ரகுநந்தன் இறங்கினார். தூத்துக்குடிக் கிளையின் ஆள். சட்டையை உள்ளே விட்டு, மணலில் ஷூ புதைய, பாவம், எப்போதும் மரியாதையாகவே பேசுவார். வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே உறை போர்த்தி ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

"தகவல் வந்ததும் கிளம்பிட்டோம் மேடம். உங்களுக்கு ஒரு நாள் வேலைகூட கெடாது. புது உடம்பு. ஞாயித்துக்கிழமை சார்ஜ் போட்டப்ப எடுத்த நினைவு முழுசா ஏத்தியாச்சு. உங்க தொம்மையேதான். ரெண்டு மூணு நாள் நடந்தது மட்டும் தெரியாது."

ஜெசிந்தா டீசல் கேனைக் கீழே வைத்தாள். "அப்ப கடல்ல கெடக்கவன்?"

"அது அணைஞ்சிடும்."

"அணைஞ்சிடுமா, அணைச்சிடுவீங்களா?"

ரகுநந்தன் கொஞ்சம் தடுமாறினார். "ஒரே நினைவோட ரெண்டு பேர் இருக்கக் கூடாதுன்னு விதி மேடம். புதுசு எழுந்ததும் 'வேலைக்குத் தயாரா'ன்னு கேட்போம். தயார்னு சொன்னதும் பழசுக்கு சிக்னல் போயிடும்."

"இப்ப அவன் உசிரோட இருக்கானா?"

"பேட்டரி இருக்கும். மிதக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கோம்."

"முழிச்சிருக்கானா?"

"...இருக்கும்."

"யோசிச்சிக்கிட்டு கெடப்பானா?"

ரகுநந்தன் கடலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "ஆமா மேடம். யோசிச்சிட்டுத்தான் இருக்கும்."

"எங்க கெடக்கான்னு சொல்ல முடியுமா?"

"நம்ம சொல்றது அதுக்குக் கேட்கும். அது பேசுற ஏரியல் முதுகுல இருக்கு, தண்ணிக்குள்ள கிடக்கும். அதனால இடம் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்கிறதைவிட இது லாபம்னுதான் கம்பெனி..."

"நாளைக்கு வரைக்கும் இந்தப் புதுசை எழுப்பாதீங்க. உங்க கால்ல விழுதேன்."

அவள் வாழ்க்கையில் யார் காலிலும் விழுந்தவள் அல்ல. சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. ரகுநந்தன் பின்வாங்கினார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம். என் கையில இல்ல. தகவல் வந்த அன்னைக்கே எழுப்பணும். நான் எழுப்பலைன்னா ஆபீஸ்ல இருந்தே எழுப்பிடுவாங்க."

அப்போதுதான் மணி மறுபடியும் அடித்தது.

யார் என்று பார்க்கவே தேவையில்லை. அந்தக் கோணல் அடி போஸ்கோ அடிதான். இரண்டு தட்டு வேகமாக, ஒரு தட்டு தாமதமாக, இடையில் ஒரு கெட்ட வார்த்தை. யாரோ கயிற்றைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் போல. மணி நிற்கவில்லை. இருதயராஜும் நாலைந்து பேரும் கோயில் பக்கம் ஓட, போகிற வழியில் ஜெட்டியில் வேனைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

ரகுநந்தன் கையிலிருந்த தட்டைக் கருவியைத் தொட்டார். உறைக்குள் இருந்தவன் கண் திறந்தான். உறையை விலக்கினான். இறங்கி மணலில் கால் வைத்தான். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துத் தடவிப் பார்த்தான். அதே பழக்கம்.

"அக்கா," என்றான். அதே குரல். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டான். "மணி அடிக்கி. யாரைக் காணோம்?"

இருதயராஜ்கூட துண்டை உதறவில்லை.

"தொம்மையை," என்றாள் ஜெசிந்தா.

அவன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புதுக் கை. இடது உள்ளங்கையில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இல்லை. தழும்பு இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினான்.

"வேலைக்குத் தயாரா?" என்று கேட்டார் ரகுநந்தன். குரலில் பழக்கம் மட்டும்தான் இருந்தது. இதுவரை இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வந்திருக்கிறது.

"இல்லை," என்றான் அவன்.

ரகுநந்தன் கருவியைப் பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. "வேலைக்குத் தயாரா?"

"இல்லை. மணி அடிக்கி. கடல்ல ஆள் கெடக்கு. தேடி முடியாம தொழிலுக்குப் போகக் கூடாது. ஊர்க்கட்டு."

"அது நீதான்யா!" இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. "கடல்ல கெடக்கது நீதான். நீதான் இங்கன வந்துட்டியே, பொறவு யாரைத் தேடப் போற?"

"நான் இங்கன நிக்கேன் பெரியவரே," என்றான் அவன். "இன்னைக்குக் கடல்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். இப்பம் தண்ணிக்குள்ள கெடக்கது எனக்கு இல்ல, அவனுக்கு. அப்ப அவன் வேற ஆளுதானே?"

ரகுநந்தன் தணிந்த குரலில் சொன்னார். "இங்க பாரு. தேடி அவனைக் கொண்டுவந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். விதிப்படி புதுசைத் திரும்ப எடுத்துக்கணும். நினைவை அழிச்சிடுவாங்க. உன்னோடதை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"போஸ்கோவைத் தேடப் போனப்ப, அவன் வந்தா எனக்கு என்ன லாபம்னு யாரும் கேக்கலையே," என்றான். கேலியா, உண்மையிலேயே சந்தேகமா என்று தெரியாத குரல். தொம்மை எப்போதும் அப்படித்தான், அவன் வாதம் செய்கிறானா வம்பு செய்கிறானா என்று ஆறு வருஷமாக ஜெசிந்தாவுக்கே தெரிந்ததில்லை.

ரகுநந்தன் கருவியை அவன் பக்கம் நீட்டினார். கடைசியாக ஒரு முறை, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். "வேலைக்குத் தயாரா?"

"இல்லை."

சொல்லிவிட்டுப் படகில் ஏறி முன்மொனையில் போய் நின்றுகொண்டான். ஜெசிந்தா கயிற்றை அவிழ்த்தாள். மூச்சு வாங்க ஓடி வந்த போஸ்கோவும், கூப்பிடாமலே, தொப்பென்று உள்ளே குதித்தான். மாமன் தடுப்பாரா, கத்துவாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தடுத்தால் இடித்துக்கொண்டு போவது என்று முடிவு செய்துதான் எஞ்சினைப் போட்டாள்.

துறைமுக வாயைத் தாண்டியபின் பின்னால் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. இருதயராஜின் படகு. பக்கத்தில் வந்து உரசுகிற மாதிரி ஓடியது. ஜெசிந்தா சுக்கானை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி!" அவர் கத்தினார். "தேடுததுன்னா வரிசை கட்டிப் போகணும்னு தெரியாதா? ஒத்தையில எங்கன போற? நீ கிழக்க போ, நான் தெக்க பாக்கேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சாமானுக்கா மாமா வந்தீங்க?"

"சாமானுக்கு வரல. மணி அடிச்சிட்டு. மணிக்கு வந்தேன். நீ வாய் பேசாம ஓட்டு!"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு படகு வந்தது. பிறகு பத்து. எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். பாதிப்பேர் வந்தார்கள். மீதிப்பேர் வராவிட்டாலும் தொழிலுக்குப் போகவில்லை. மணி அடித்த கடலில் வலை போட அவர்களுக்குக் கை வரவில்லை.

எங்கே தேடுவது? கடல் பெரிசு. மொனையில் நின்றவனைக் கூப்பிட்டு ஜெசிந்தா கேட்டாள். "நீ வலையோட விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவன் யோசித்தான். "நீந்த மாட்டேன். கரைக்கு வர பேட்டரி பத்தாது. வலையை விட மாட்டேன். அக்காவுக்கு என்னையவிட வலை மேல பிரியம், வலையைத் தேடிக்கிட்டாவது வருவாங்கன்னு நினைப்பேன்."

"எரும மாடே," என்றாள் ஜெசிந்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலை எந்த நீரோட்டத்தில் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, படகை வடகிழக்கே திருப்பினாள்.

பொழுது சாயப் போகிற நேரத்தில் முதலில் கண்டது போஸ்கோதான். அவன் கத்தியதை எழுத முடியாது, அவ்வளவு கெட்ட வார்த்தை, அவ்வளவு சந்தோஷம். மிதப்புகளின் நடுவே, வலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தொம்மை மல்லாந்து கிடந்தான். பாடிக்கொண்டிருந்தான். ராகம் தப்பிய மாதா பாட்டு. தண்ணீருக்கு மேலே ஒரு வாயும் ஒரு பாட்டும்தான் இருந்தது.

மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். ஜெசிந்தா அவன் இடது கையைப் பிடித்தாள். தழும்பு இருந்தது.

"அக்கா, வலையில ஒரு சுறா வந்து மாட்டிச்சு பாத்துக்க," என்று ஆரம்பித்தான் தொம்மை. இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினான். காட்டும்போதே அவன் கண் சுற்றியிருந்த படகுகள் மேல் போனது. கை அப்படியே நின்றது.

"இம்புட்டு படகு எதுக்கு வந்திருக்கு? யாரைக் காணோம்?"

"ஒன்னையத்தாம்ல," என்றான் போஸ்கோ.

"எனக்கா?" தொம்மை நம்பவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தான். "எனக்கா மணி அடிச்சாங்க?"

அவள் தலையாட்டினாள். தொம்மை வாதம் செய்யவில்லை, புளுகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதிரே நின்ற தன் முகத்தைக் கவனித்தான். எழுந்து போய் அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். அவனும் இவனைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வலையை உதறி மடிக்க ஆரம்பித்தார்கள்.

ஜெட்டியில் ரகுநந்தன் காத்துக்கொண்டிருந்தார். வேன் கதவு திறந்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றார், உண்மையாகவே. "இப்ப புதுசை நான் கூட்டிட்டுப் போகணும். ஒருத்தர்தான் இருக்கலாம்."

புதியவன் வேனைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான். தொம்மை அவன் முழங்கையைப் பிடித்தான். ஜெசிந்தா இரண்டு பேருக்கும் முன்னால் வந்து நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் இருதயராஜின் குரல் கேட்டது.

"தம்பி, இவன் பேரு என்ன?"

"பேரா? தொம்மைதான் சார். அதே நினைவு."

"அவன் தொம்மை. தேடிக் கொண்டுவந்துட்டோம். இவன் பேரைக் கேக்கேன்." இருதயராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். "மூணு வாட்டி இல்லை, இல்லை, இல்லைன்னு சொன்னான். எங்காதால கேட்டேன். வேதத்துல ஆண்டவரைத் தெரியாதுன்னு அப்படி மூணு வாட்டி சொன்னவரு ராயப்பரு ஒருத்தருதான். இவன் பேரு ராயப்பன்."

"சார், பேரு வச்சா விதி மாறாது."

"உங்க விதியை நான் மாத்த வரல. எங்க விதியைச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இவனை அந்த வேன்ல ஏத்திக் கொண்டு போனீங்கன்னா, புன்னைத்துறையில ஒரு ஆளைக் காணோம்னு ஆகும். ஆளைக் காணோம்னா மணி அடிப்போம். மணி அடிச்சா அம்புட்டு படகும் நிக்கும், ஊரே தேடப் போகும். கடல்லதான் தேடணும்னு எங்க ஊர்க்கட்டுல இல்ல. எங்க காணாமப் போனானோ அங்க தேடணும். உங்க ஆபீஸ் வாசல்ல வந்து தேடுவோம். கெடைக்கிற வரைக்கும் அங்கனதான் கெடப்போம். பக்கத்து ஊர்க்காரனும் வருவான், தேடுததுக்கு எல்லைக் கணக்கு கெடையாது."

ரகுநந்தன் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. கோயில் வாசலில், எப்போது போனானோ, போஸ்கோ மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈயென்று இளித்தபடி நின்றான்.

ரகுநந்தன் வேன் கதவைச் சாத்தினார். ஜெசிந்தாவிடம் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "இவன் தயார்னு சொல்லாத வரைக்கும் கணக்குல வேலைக்கு வராத ஆள். அப்படியே போட்டுடறேன். ஆனா சிஸ்டம் தினமும் காலையில கேட்கும் மேடம். விடாது. ஒரு நாள் வாய் தவறித் தயார்னு சொன்னாலும் தொம்மை அணைஞ்சிடுவான்."

"கேட்டா கேக்கட்டும்," என்றாள் ஜெசிந்தா.

விடிவெள்ளிக்குப் போட்ட ஒரு மாசத் தண்டனையை இருதயராஜ் ரத்து செய்யவில்லை. சட்டம் சட்டம்தான் என்றார். ஒரு மாசமும் அவள் தினம் கடலுக்குப் போனாள்; ஒரு மாசமும் அவர் அந்தப் பக்கமே பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு வலை பழுது பார்த்தார்.

இப்போது விடிவெள்ளியில் மூன்று பேர். ஒருத்தன் எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வான், இன்னொருத்தன் அதற்கு எதிர்வாதம் செய்வான். இரண்டு பேருக்கும் ராகம் வராது. ஜெசிந்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

காலையில் படகு புறப்படுகிற நேரத்துக்கு ராயப்பனின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ரொம்ப இனிமையாக, தினமும் கேட்கும். "வேலைக்குத் தயாரா?"

அந்த ஒரு நேரம் மட்டும் ஜெட்டியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எஞ்சினைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்துவான். தொம்மை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான். ராயப்பன் தலையை நிமிர்த்தி, கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இல்லை!" என்பான். சொல்லிவிட்டு, வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, படகில் முதல் ஆளாக ஏறுவான்.